எயிற்பட்டினத்துத் தேறல்

சிறுபாணாற்றுப்படை 269 அடி. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடினாலும், எனக்கு அது வழிப்போக்கனின் சாப்பாட்டுக் கையேடு.

எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பார்கள். அங்கே அலை கொண்டுவந்து போட்ட, படுத்துத் தூங்கும் ஒட்டகம் மாதிரியான வாசமரக் கட்டையில் தீமூட்டி, நுளைமகள் அரித்த தேறல். கூடவே சுட்ட குழல்மீன். வேலூரில் (கோட்டை வேலூர் இல்லைங்க) எயினப் பெண்கள் ஆக்கிய சுடச்சுடப் புளிச்சோறும் ஆமான் கறியும். ஆமூரில் உழவர் வீட்டுக் கைக்குத்தல் வெண்சோறு, நண்டுக் கலவையோடு.

கடைசியில்தான் கிடங்கில். இப்போது திண்டிவனத்துக்குள் இருக்கிறது. அரசன் பீமனின் சமையல்நூல் பிசகாத உணவைப் பொற்கலத்தில், தானே பக்கத்தில் நின்று ஊட்டுகிறான். மேடையில் பேசுகிறவர்கள் நேரே இங்கேதான் வருவார்கள். எனக்கென்னவோ நுளைமகளின் அடுப்புதான் பெரிசு. அரசனைப் பார்க்கும் முன்னாடியே பாணன் வயிறு மூன்று ஊரில் நிறைந்துவிடுகிறது. கொடுத்தவர்கள் யாரும் பாட்டுடைத் தலைவர்கள் இல்லை.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2023 மே மாதம், மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பம் என்ற மீனவர் ஊரில் விஷச்சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதில் இருந்தது ஆலைகளில் புழங்கும் மெத்தனால்.