ஈறு அறுவை சிகிச்சைக்குப் பின் போடும் கட்டு: எது யாருக்கு ஏற்றது?

பீடோங் – ஈறு அறுவை சிகிச்சை முடிந்ததும் புண்ணின் மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் மாவு போன்ற ஒன்றை அப்பி அனுப்புவார்கள். அதை மருந்து என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது புண்ணை ஆற்றுவதில்லை. உணவும் நாக்கும் படாமல் புண்ணை மூடிக் காக்கும் கட்டு அது. புண்ணை ஆற்றுவது நம் உடல்தான்.

கிராம்பு எண்ணெய்க் கட்டு: 1923-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் வார்டு அறிமுகப்படுத்தியது. துத்தநாக ஆக்சைடு தூளைக் கிராம்பு எண்ணெயின் சத்தான யூஜெனாலுடன் குழைத்துச் செய்வது. நன்கு இறுகும். ஆனால் எரிச்சல் தரும். சிலருக்கு ஒவ்வாமையும் வரும். அதனால் இன்று இதன் பயன்பாடு குறைந்துவிட்டது.

கிராம்பு எண்ணெய் இல்லாத கட்டு: 'கோ-பேக்' இதில் பெயர் பெற்றது. இரண்டு குழாய்ப் பசைகளைச் சம அளவில் குழைத்து வைப்பார்கள். எரிச்சல் குறைவு. பொதுவாக ஒரு வாரத்தில் கிளினிக்கில் அகற்றுவார்கள். கட்டின் மேல் அழுக்கு படிவதும் ஓரம் உடைவதும் இதன் குறைகள்.

ஒளியில் இறுகும் கட்டு: நீல ஒளி பட்டதும் கெட்டியாகும். வெளியே அதிகம் தெரியாததால் முன்பற்களுக்கு ஏற்றது.

சயனோஅக்ரிலேட் பசை: ஈரம் பட்ட சில நொடிகளில் ஒட்டிக்கொள்ளும், இரத்தக் கசிவையும் தடுக்கும். சில நாள்களில் தானே உதிர்ந்துவிடும். கடையில் விற்கும் பசை வேறு. அதை வாயில் வைக்கவே கூடாது.

கொலாஜன் கட்டு: மேலண்ணத்திலிருந்து திசு எடுத்து ஈற்றில் ஒட்டும்போது, எடுத்த இடத்தை மூட உதவும். உடலே இதைக் கரைத்துக்கொள்ளும்.

நன்றாகத் தையல் போட்டு மூடிய புண் கட்டு இல்லாமலும் ஆறும். அதனால் சில மருத்துவர்கள் எதுவும் வைப்பதில்லை. ஈற்றை வெட்டி எடுத்துத் திறந்தபடி விட்ட புண்ணுக்குத்தான் கட்டு அதிகம் உதவுகிறது.

நீரிழிவு, கிராம்பு ஒவ்வாமை, இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் சில மணி நேரம் சூடான தேநீர் வேண்டாம். மறுபக்கத்தில் மெல்லுங்கள். வெற்றிலை பாக்கையும் சிகரெட்டையும் புண் ஆறும்வரை தொடாதீர்கள். கட்டின் மேல் பல் துலக்காமல், மருத்துவர் தரும் குளோர்ஹெக்சிடின் நீரால் கொப்பளியுங்கள். பல்லில் பழுப்புக் கறை படிந்தால் பயப்பட வேண்டாம். பிறகு சுத்தம் செய்துவிடலாம்.

ஓரத்தில் சிறு துண்டு உடைந்தால் பரவாயில்லை. முழுக் கட்டும் விழுந்து வலித்தாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ உடனே கிளினிக்கிற்குச் செல்லுங்கள். பீடோங் வட்டார மக்களுக்கு அரசாங்கப் பல் கிளினிக்குகளோடு, செமிலிங்கில் பல் மருத்துவப் புலம் கொண்ட எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் அருகில் உள்ளது.

நாள் சம்பளக்காரர்களுக்குக் கட்டை அகற்றப் போகும் நாளும் ஒரு நாள் கூலிதான். அதற்காக வீட்டிலேயே பிய்த்து எடுத்தால் தையலும் சேர்ந்து வந்துவிடலாம். தானே உதிரும் கட்டு தமக்குப் பொருந்துமா என்று சிகிச்சைக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.