மாணிக்க மதிப்பும் தஞ்சைக் கல்வெட்டும்

பொன்னை மதிப்பிடுதற்கு உரைகல்லும் துலாக்கோலும் போதும். நிறமணிகளை மதிப்பிடுதல் அத்துணை எளிதன்று. ஒத்த நிறையுள்ள இரண்டு மாணிக்கங்களுள் ஒன்று மற்றொன்றினும் பன்மடங்கு விலைபெறுதல் உண்டு. நிறம், ஒளி, தெளிவு, பட்டை, நிறை, பிறந்த நிலம் ஆகிய யாவும் கூடியே ஒரு மணியின் விலையை அமைக்கின்றன. ஆதலின் மணிநோட்டம் பண்டே ஒரு தனிக்கலையாய் வளர்ந்தது.

தமிழில் இக்கலையின் செய்தி சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் விளங்கக் கிடக்கின்றது. மதுரை மணிவீதியை வருணிக்கும் அடிகள், வயிரத்திற்கு ஆகாத குற்றங்களையும் மாணிக்கத்தின் நால்வகைச் சாதியையும் முறைப்பட வைத்தோதுகின்றார். அடியார்க்குநல்லார் உரையும் இவ்விடத்து விரிந்து செல்கின்றது. தாமரை, மாதுளம்பூ, குயிற்கண் என மணிநூலார் நிறங்கூறியது வெறும் அலங்காரம் அன்று. நிறத்தை அளக்குங் கருவி இல்லாத நாளில் உவமையே அளவுகோலாயிற்று.

மாணிக்கமும் நீலமும் முதலிய ஐந்து மணிகட்கும் தோற்றம் ஒன்றே என்பதும் அக்காதையின் கருத்து. மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமத்தின் நிறவேறுபாடுகள் என்று பிற்காலக் கனிமநூலாரும் கண்டனர். அக்கனிமத்திற்கு மேனாட்டார் வழங்கும் 'கொரண்டம்' என்னும் பெயரும் நம் 'குருந்தம்' என்னுஞ் சொல்லினின்று சென்றதே. எனினும் வைடூரியமும் கோமேதகமும் அவ்வினத்தைச் சேர்ந்தன அல்ல. ஆகலின் இன்றைய வேதிநூலை அடிகள் முன்னரே உணர்ந்தார் எனச் சிலர் பாராட்டுதல் மிகையேயாம். நிறத்தையே நம்பியோர் ஏமாந்த வரலாறும் உண்டு. ஆங்கில மன்னர் முடியில் மாணிக்கமெனப் போற்றப்பட்ட பெருஞ்செம்மணி, 'ஸ்பினல்' என்னும் வேறொரு கல்லே. அவ்விரண்டு கற்களையும் 1783-இல்தான் அறிஞர் தெளிவாகப் பிரித்தறிந்தனர்.

இனி, திருவிளையாடற் புராணத்து மாணிக்கம் விற்ற படலத்தை அன்பர்கள் அறிவர். முடிசூட்டுதற்கு மணியின்றி அமைச்சர் மயங்கி நின்றபோது, சோமசுந்தரக் கடவுள் வணிகராய் எழுந்தருளி, மணிகளின் பிறப்பையும் இலக்கணத்தையும் தாமே விரித்துரைத்தருளினார். தான் விற்கும் பொருளின் இயல்பை விற்பவனே மறையாது கூறுதல் இங்கே நோக்கற்பாலது.

இம்முறை புராணத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்குத் தஞ்சை இராசராசேச்சுரத்துக் கல்வெட்டுக்கள் சான்று. முதலாம் இராசராசன் (985–1014) தன் 29-ஆம் ஆட்சியாண்டு வரை அக்கோயிலுக்கு அளித்த அணிகலன்கள் சுவர்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. பொன் 'ஆடவல்லான்' என்னுங் கல்லாலும், மணிகள் 'தட்சிணமேருவிடங்கன்' என்னுங் கல்லாலும் நிறுக்கப்பட்டன. எடைக்கற்களும் இறைவன் திருப்பெயரையே தாங்கின. கழஞ்சு ஒன்றுக்கு மஞ்சாடி இருபது, மஞ்சாடி ஒன்றுக்குக் குன்றி இரண்டு. ஒவ்வோர் அணியிலும் பதித்த மணிகளின் எண்ணும், இந்நுண்ணிய அளவில் நிறையும், காசாக விலையும் குறிக்கப்பட்டன. பொன்னோடு சேர்ந்த அரக்கின் எடையையும் எழுதினோர் மறந்தாரல்லர்.

இவற்றினும் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. வயிரங்களைக் கணக்கிடுமிடத்துப் புள்ளியுடையன, வெடித்தன, செம்புள்ளி கரும்புள்ளி பட்டன, வெந்தாற்போன்ற குறியுடையன என்னும் இவற்றையும் உட்படுத்தி எழுதியுள்ளனர். முத்துக்களிலும் வட்டமானவற்றோடு கரடும் இரட்டையும் சேர்த்து எண்ணப்பட்டுள்ளன. கொடுத்தவனோ பேரரசன், பெற்றவனோ இறைவன். புகழ்மொழிகளால் குறைகளை மூடிவிட எழுதுவோர்க்கு இடமிருந்தது. அவர்களோ குற்றத்தையும் சுவரிற் செதுக்கினர். ஆண்டவன் பொருளுக்குக் கணக்குப் பொய்யாகலாகாது என்னும் அச்சமே இதற்குக் காரணம் என்பது எமது கருத்து.

இற்றைநாள் வாணிகத்திலும் இவ்வினாவே தலையாயது. 1902-இல் வெர்நூய் என்னும் பிரெஞ்சு அறிஞர் உலையிற் செய்த மாணிக்கத்தை வெளியிட்டார். இலங்கையில் ஒருகாலத்து மிக்க விலைபெறாதிருந்த, 'கெவுடா' எனப்படும் வெளிறிய கற்கள், 1970-களுக்குப் பின் கடுஞ்சூட்டில் வைக்கப்பட்டு நல்ல நீலமாகி விலையேறின. சூடேற்றுதல் குற்றமன்று, அதனை மறைத்து விற்றலே குற்றம். நிறமும் நிறையும் ஒத்த இரண்டு கற்களுள் தீப்படாதது பெருவிலை பெறுதலின், பெரிய மணிகள் ஆய்வுக்கூடச் சான்றிதழோடே விலைபேசப்படுகின்றன. 25.59 காரட் நிறையுடைய பர்மிய மாணிக்கம் ஒன்று 2015-இல் செனீவா ஏலத்தில் ஏறக்குறைய 3 கோடி டாலருக்கு விலைபோயிற்று. அதனினும் இரட்டிப்புக்கு மேற்பட்ட நிறையுடைய மொசாம்பிக் மாணிக்கம் ஒன்று, 55.22 காரட் கொண்டது, 2023-இல் 3.48 கோடி டாலரே பெற்றது. நிறை இருமடங்காயினும் விலை அவ்வாறு ஏறவில்லை. நிறத்தோடு பிறந்த நிலத்தையும் நோக்கியே வாங்குவோர் விலை வைக்கின்றனர்.

இராசராசன் அளித்த அவ்வணிகள் இன்று தஞ்சைக் கோயிலில் இல்லை. அவற்றின் எண்ணும் நிறையும் விலையும் குற்றமும் மட்டும் கருங்கல்லில் நிற்கின்றன.