ஆண்டைப் பிரித்தெடுத்தல்: சின்னமனூர்ச் செப்பேடும் எக்செல் விரிதாளும்

வடுகபட்டிப் பூண்டு வணிகத்தின் வரவு செலவு எக்செல் விரிதாளில் இருந்தால், 'எந்த ஆண்டு?' என்ற கேள்விக்கு YEAR என்னும் ஒற்றைச் சூத்திரம் விடை சொல்லிவிடும். காரணம் எளிது. தேதி என நாம் காண்பது உள்ளே வெறும் நாள்கணக்குதான். 1900 ஜனவரி 1 அதற்கு முதல் நாள். 1947 ஆகஸ்ட் 15 என்பது 17394. (லோட்டஸ் 1-2-3 மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக, இல்லாத 1900 பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து எண்ணிய கணக்கு இது!) தொடக்கநாள் தெரிவதால் ஆண்டும் தெரிகிறது.

வடுகபட்டிக்குத் தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூருக்கு வந்தால் நிலைமை வேறு. மதுரைச் சங்கத்தையும் பாரதம் தமிழானதையும் குறிப்பதால் இலக்கிய மாணவர் நன்கறிந்த சின்னமனூர்ப் பெரிய செப்பேடு, பாண்டியன் இரண்டாம் இராசசிம்மனின் பதினாறாம் ஆட்சியாண்டில் வழங்கப்பெற்றது. பதினாறு எதிலிருந்து? ஒவ்வொரு மன்னனோடும் கணக்கு ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்குகிறது.

இங்கே கைகொடுப்பது பழனிப் பக்கத்து ஐவர்மலைக் கல்வெட்டு. அது சக ஆண்டு 792-ஐயும் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டையும் ஒருசேரச் சொல்கிறது. 792-உடன் 78-ஐக் கூட்டினால் 870. எட்டாம் ஆண்டு நடக்கையில் நிறைவுற்றவை ஏழே. சக ஆண்டோ சித்திரையை ஒட்டித் தொடங்கி அடுத்த ஆங்கில ஆண்டிலும் நீள்வது. இவற்றைக் கருதியே வரகுணன் அரியணை ஏறியது 862-ஐ ஒட்டி என்கின்றனர். அவனுக்குப் பின் தம்பி பராந்தக வீரநாராயணன், அவனுக்குப் பின் மகன் இராசசிம்மன். இராசசிம்மனின் தொடக்கத்தை 900 என்பாரும் உளர், 905 என்பாரும் உளர். எனவே செப்பேட்டின் காலம் 915-ஐ ஒட்டியும் ஆகலாம், 920-ஐ ஒட்டியும் ஆகலாம்.

கல்வெட்டுகளை இன்று அட்டவணையாக்கும் ஆய்வு மாணவர்க்கு இடர் இவ்விடத்தில்தான். DATE சூத்திரத்தில் 870 என இட்டால் எக்செல் பிழை காட்டாது. தானே 1900-ஐக் கூட்டி 2770 என்று வைத்துக்கொள்ளும். வரகுணன் எதிர்காலத்துக்குப் போய்விடுவான்! மேக்ரோ மொழியின் DateSerial, Year ஆகியவை கி.பி. 100 முதல் ஏற்பதால் 870-ஐச் சரியாகவே தரும். ஆனால் அது கிரிகோரியன் முறையைப் பின்னோக்கி நீட்டிக் கணக்கிடுகிறது; எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகள் அக்காலத்துக்குத் தருவதோ ஜூலியன் தேதி. ஒன்பதாம் நூற்றாண்டில் இரண்டிற்கும் நான்கு நாள் வேறுபாடு. ஆண்டு மட்டும் வேண்டுவோர்க்கு இது பெரிதன்று; கிழமையும் நட்சத்திரமும் பொருத்திப் பார்ப்போர்க்குப் பெரிது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஆட்சியாண்டைக் கி.பி. ஆக்கியதும் மூல எண்ணை அழித்துவிடும் பழக்கம் பரவிவருகிறது. '16' என்பது செப்பேடு சொல்வது. '915' என்பது நாம் சொல்வது. 905 என்பாரின் கருத்து நாளை வலுப்பெற்றால், பதினாறைத் தனி நெடுவரிசையில் வைத்திருப்பவர் தொடக்க ஆண்டை மட்டும் மாற்றிக்கொள்வார். அழித்தவர் செப்பேட்டை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான்.