மடற்கோப்புகளில் உறங்கும் இணையத் தமிழ்



தமிழ், இணையத்தில் தவழத் தொடங்கிய காலத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எழுத்துருக்களையும் இணையத்தளங்களையுமே குறிப்பிடுகின்றனர். ஆனால் அக்காலத் தமிழர் தம்முள் உரையாடியது பெரிதும் மின்னஞ்சல் வழியாகவே. அம்மடல்கள் எந்த நூலகத்திலும் இல்லை. அவற்றைப் பெற்றவர்தம் பழைய கணினிகளில், திறக்கவே அஞ்சும் அளவுக்குப் பெருத்துப்போன மடற்கோப்புகளாகக் கிடக்கின்றன.

இவ்வரலாற்றில் மலேசியத் தமிழரின் பங்கு பெரிது. நம் பிள்ளைகளுக்கு இதை நாம் போதுமான அளவு சொல்வதில்லை. முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். அதன் வளர்ச்சியான முரசு அஞ்சல், கடல் கடந்த தமிழர் பலருக்குத் தமிழில் மடல் எழுதும் வசதியை அளித்தது. மலேசியாவில் பிறந்து சிட்னியில் வாழ்ந்த பாலா பிள்ளை 1995-இல் தமிழ்.நெட் மடற்குழுவை உருவாக்கினார். முதலில் ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதியோர் மெல்ல மெல்லத் தமிழெழுத்துக்கு மாறினர். சுங்கைப் பட்டாணியில் வாழ்ந்த மருத்துவர் ஜெயபாரதி 'அகத்தியர்' மடற்குழுவில் எழுதிக் குவித்தவை தனியொரு நூலகம் ஆகும். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்களும் மின்னஞ்சலில்தான் பயணம் செய்தன. திஸ்கி என்னும் எழுத்துக் குறியாக்கமே மடல்வழி விவாதத்தில் உருப்பெற்றதுதான்.

இவ்வளவும் ஏன் சொந்தக் கணினியில் தங்கின? அன்று இணையவழி அஞ்சற்பெட்டிகள் சில மெகாபைட் இடமே தந்தன. தொலைபேசி இணைப்பிலோ நிமிடத்திற்கு நிமிடம் கட்டணம் ஏறியது. ஆகவே இணைப்பை ஏற்படுத்தி, மடல்களை இறக்கிக்கொண்டு, உடனே துண்டித்துவிடுவர். பின்னர் ஆற அமரப் படித்து, மறுமொழி எழுதி வைத்து, அடுத்த இணைப்பில் அனுப்புவர். இதற்கு உதவியவை 1988-இல் ஸ்டீவ் டோர்னர் எழுதிய யூடோராவும், பின்னர் வந்த அவுட்லுக் எக்ஸ்பிரசும். 2004-இல் ஜிமெயில் ஒரு ஜிகாபைட் இடம் தந்தபோது, பலரின் பழைய மடல்கள் ஏற்கெனவே மேசைக்கணினியில் வேரூன்றிவிட்டன.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இம்மென்பொருள்களில் ஒரு மடலுறை என்பது ஒரே கோப்பு. பத்தாயிரம் மடல்கள் இருந்தாலும் ஒன்றன்பின் ஒன்றாக அதே கோப்பில்தான் சேரும். ஒரு மடலை நீக்கினால் அது அங்கிருந்து அகல்வதில்லை. நீக்கப்பட்டது என்ற குறி மட்டுமே விழும். வருகைப் பதிவேட்டில் மாறிச் சென்ற மாணவனின் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பது போன்றது இது. பெயர் அடிபடும், ஏட்டின் கனம் குறையாது. கனம் குறைய, எஞ்சிய பெயர்களைப் புதிய ஏட்டில் படியெடுக்க வேண்டும். அப்பணியையே 'சுருக்குதல்' என்கின்றனர். அவுட்லுக் எக்ஸ்பிரசின் பிற்காலப் பதிப்பு, நூறு முறை மூடப்பட்டதும் தானே இதற்கு அனுமதி கேட்கும். பொறுமையிழந்து பாதியில் கணினியை அணைத்தவர் பலர், மறுநாள் வெறும் உறையைக் கண்டனர். கோப்பு 2 ஜிகாபைட்டை நெருங்கினாலும் பழுதாகிவிடும்.

தமிழுக்கு மேலும் ஒரு சுமை உண்டு. நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'மூவார்' என்பது திஸ்கியில் மூ, வ, கால், ர் என 4 பைட்டில் அடங்கும். ஒருங்குறியில் அதுவே ஆறு குறிகள். மின்னஞ்சலில் வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு மூன்றாக 18 பைட். அதையும் பாதுகாப்பாக அனுப்ப பேஸ்64 முறையில் மாற்றினால் 24. மறுமடல் எழுதுவோர் முந்தைய மடல் முழுவதையும் கீழே ஒட்டி அனுப்பும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் (இரண்டு வரி வாழ்த்துக்கு இருபது பத்தி வால்!). உறை பெருப்பதில் வியப்பென்ன?

அளவைவிட வரிசையே கடினமானது. திஸ்கியில் 'கொ' என்பது கண்ணால் காணும் வரிசையில், கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் கால் இறுதியிலும் பதிவாகும். ஒருங்குறியிலோ ககரம் முதலில், உயிர்க்குறி பின்னர். ஆதலால் பழைய மடல்களில் இன்றைய விசைப்பலகையால் ஒரு சொல்லைத் தேடினால், இருக்கும் சொல்லும் அகப்படாது. இன்றைய மென்பொருள் அம்மடல்களை ஐரோப்பிய மொழி என்றெண்ணி, தலையில் கோடும் புள்ளியும் வைத்த இலத்தீன் எழுத்துகளாகக் காட்டும். அதைக் கண்டு 'கெட்டுப்போன மடல்' என அழித்தோர் எத்தனை பேரோ! அவை கெடவில்லை. திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவியில் இட்டால் தமிழ் மீண்டும் எழுந்து நிற்கும்.

மடற்குழுக்களின் பொதுக் களஞ்சியம் இருக்கிறதே என்றுதான் பலரும் நம்பியிருந்தோம். அகத்தியர் போன்ற குழுக்கள் இயங்கிய யாஹூ குழுமங்கள், அழிப்பு அறிவிப்பை 2019 அக்டோபரில் வெளியிட்டன. 2020 சனவரி இறுதியோடு பழைய மடல்களைப் பதிவிறக்கும் வாய்ப்பு முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சேவையே நின்றது. இனி, எவரேனும் தம் கணினியில் சேமித்து வைத்திருந்தால்தான் உண்டு.

எனவே ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய கணினி இருப்பின், பழைய இரும்புக்காரரிடம் கொடுக்குமுன் அதன் மடலுறைகளைத் தேடுங்கள். முதலில் மூலக்கோப்பை அப்படியே இரண்டு இடங்களில் படியெடுங்கள். சுருக்குதலும் மாற்றுதலும் படியில் மட்டுமே நடக்கட்டும். டிபிஎக்ஸ் என முடியும் கோப்புகள் அவுட்லுக் எக்ஸ்பிரசுக்கு உரியவை. அவற்றைத் தண்டர்பேர்டு படிக்கும் எம்பாக்ஸ் வடிவத்திற்கு மாற்றியபின், ஆண்டுக்கு ஓர் உறையாகப் பிரித்துவிடலாம். ஓர் உறை பழுதானாலும் ஏனைய ஆண்டுகள் தப்பும். பென்டிரைவ்கள் பலவும் ஃபேட்32 முறையில் அமைந்தவை. 4 ஜிகாபைட்டை எட்டிய ஒற்றைக் கோப்பை அவை ஏற்கமாட்டா என்பதற்காகவும் பிரித்தல் நன்று. பிறர் எழுதிய தனிமடல்களை மட்டும் அவரது இசைவின்றி எங்கும் வெளியிட வேண்டா.