டைனம்

டைனம் என்பது இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் கவுண்டியின் பர்பெக் பகுதியில் அமைந்துள்ள ஒரு சிற்றூர் ஆகும். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 டிசம்பரில், இராணுவப் பயிற்சிக்காக இவ்வூர் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்த பின்னரும் அவர்கள் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. அன்று முதல் இவ்வூரில் எவரும் வசிப்பதில்லை.

அமைவிடம்

இரண்டு குன்றுத் தொடர்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கில் டைனம் அமைந்துள்ளது. இங்கிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் வொர்பரோ விரிகுடா உள்ளது. விரிகுடாவுக்கு மேலே உள்ள குன்றின் மீது, இரும்புக் காலத்தைச் சேர்ந்த ஃபிளவர்ஸ் பரோ என்னும் மண்கோட்டையின் எச்சங்கள் காணப்படுகின்றன. இக்கடற்கரை, 2001 ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட ஜுராசிக் கடற்கரையின் ஒரு பகுதியாகும்.

தொடக்க வரலாறு

1086 ஆம் ஆண்டில் முதலாம் வில்லியம் மன்னரின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலப் பதிவேட்டில் இவ்வூர் இடம்பெற்றுள்ளது. இங்குள்ள புனித மரியாள் தேவாலயத்தின் பழைய பகுதிகள் 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1683 ஆம் ஆண்டில் பாண்ட் குடும்பத்தினர் இந்நிலப்பகுதியை விலைக்கு வாங்கினர். எலிசபெத் காலத்து மாளிகையான டைனம் இல்லம் அவர்களுடைய உடைமையாக இருந்தது. ஊரில் இருந்த வீடுகளும் வயல்களும் பெரும்பாலும் இக்குடும்பத்திற்கே உரியவை. ஊர் மக்களில் பெரும்பாலோர் வாடகைக் குடிகளாகவே வாழ்ந்தனர். வேளாண்மை, கால்நடை வளர்ப்பு, வொர்பரோ கரையில் மீன்பிடித்தல் ஆகியவை முக்கியத் தொழில்களாக இருந்தன.

அன்றாட வசதிகள்

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிறிய ஆங்கிலேயக் கிராமத்தில் எவ்வகை வசதிகள் இருந்தன என்பதற்கு டைனம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

அஞ்சலகம்: வரிசை வீடுகளில் ஒன்றில் அஞ்சலகம் இயங்கியது. இதுவே ஊரின் கடையாகவும் பயன்பட்டது.

தொலைபேசி: 1929 ஆம் ஆண்டில் அஞ்சலகத்தின் முன்பு பொதுத் தொலைபேசிக் கூண்டு ஒன்று நிறுவப்பட்டது. இது பலரும் அறிந்த சிவப்பு நிற வார்ப்பிரும்புக் கூண்டு அன்று. அதற்கு முந்தைய, காங்கிரீட்டால் ஆன கே1 வகையைச் சேர்ந்தது. 1980களில் ஒரு திரைப்படப் படப்பிடிப்பின்போது இக்கூண்டு சேதமடைந்ததால், அதே வகையைச் சேர்ந்த வேறொன்று அவ்விடத்தில் வைக்கப்பட்டது.

குடிநீர்: ஊருக்குப் பொதுவான தண்ணீர்க் குழாய் தேவாலயத்தின் அருகே அமைந்திருந்தது. மக்கள் அங்கிருந்து நீர் எடுத்துச் சென்றனர்.

பள்ளிக்கூடம்: எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒரே அறையில் கற்ற சிறிய பள்ளி இது. இளைய தலைமுறையினர் வேலை தேடி வெளியூர்களுக்குச் சென்றதால் மாணவர் எண்ணிக்கை குறைந்து, 1932 ஆம் ஆண்டில் பள்ளி மூடப்பட்டது. ஊர் சுருங்கத் தொடங்கியது போருக்கு முன்னரே என்பதை இது காட்டுகிறது.

வெளியேற்றம்

அருகிலுள்ள லல்வர்த்தில் முதல் உலகப் போர்க் காலம் முதலே டாங்கிப் படையினருக்கான சுடுதளம் இருந்து வந்தது. நார்மண்டிப் படையெடுப்புக்கான ஆயத்தங்களின்போது அத்தளத்தை விரிவாக்க வேண்டியதாயிற்று. 1943 நவம்பர் 16 ஆம் நாளிட்ட கடிதம் ஒன்று வீடுகளுக்கு அனுப்பப்பட்டது. டிசம்பர் 19 ஆம் நாளுக்குள் வெளியேறுமாறு அதில் கூறப்பட்டிருந்தது. ஊரும் சுற்றுப்புறமுமாக ஏறத்தாழ 7,500 ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. 225 பேர் இடம்பெயர்ந்தனர்.

போர் முடிந்ததும் திரும்பலாம் என்ற நம்பிக்கையுடனேயே மக்கள் சென்றனர். ஊரை விட்டுச் செல்லும்போது தேவாலயக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. தேவாலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பேணுமாறு அதில் இராணுவத்தினரிடம் வேண்டப்பட்டிருந்தது. தாங்கள் ஒருநாள் திரும்பி வருவோம் என்றும் குறிப்பிடப்பட்டிருந்தது.

திரும்பும் கோரிக்கை

1948 ஆம் ஆண்டில் அரசு இந்நிலத்தைக் கட்டாயக் கொள்முதல் செய்து நிரந்தரமாக இராணுவத்திற்கு ஒதுக்கியது. பெரும்பாலான குடும்பங்களுக்குச் சொந்த நிலமோ வீடோ இல்லாததால், ஊர் என்பதைத் தவிர உரிமை கொண்டாட அவர்களிடம் வேறெதுவும் இருக்கவில்லை. பாண்ட் குடும்பத்தைச் சேர்ந்த லிலியன் பாண்ட், ஊரைப் பற்றிய தமது நினைவுகளை 1956 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1960களின் இறுதியில் டைனம் இல்லத்தின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது.

1968 ஆம் ஆண்டில், ரோட்னி லெக் என்பவரின் முயற்சியால் டைனம் செயற்குழு தொடங்கப்பட்டது. இராணுவ நிலங்களை ஆராய்வதற்காக நியூஜென்ட் பிரபுவின் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, லல்வர்த் சுடுதளத்தை வேறிடத்திற்கு மாற்றலாம் என 1973 ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டில் அரசு அப்பரிந்துரையை ஏற்க மறுத்தது. எனினும், 1975 முதல் சுடுபயிற்சி இல்லாத நாட்களில் பொதுமக்கள் ஊரைப் பார்வையிட வழி ஏற்பட்டது.

இதே காலத்தில் வெளியேற்றப்பட்ட பிற ஊர்களின் நிலை ஒரே மாதிரியானதன்று. டெவன் கவுண்டியின் சிலாப்டன் பகுதியில் அமெரிக்கப் படையினரின் ஒத்திகைக்காக வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 3,000 பேர் பின்னர் தங்கள் ஊர்களுக்குத் திரும்பினர். வில்ட்சர் கவுண்டியின் இம்பர் என்னும் ஊர் மக்கள், டைனம் மக்களைப் போலவே, திரும்ப இயலவில்லை.

இன்றைய நிலை

பெரும்பாலான வார இறுதிகளிலும் விடுமுறைக் காலங்களிலும் டைனம் பார்வையாளர்களுக்குத் திறக்கப்படுகிறது. வெடிக்காத குண்டுகள் இருக்கக்கூடும் என்பதால், குறியிடப்பட்ட பாதைகளை விட்டு விலகிச் செல்லக்கூடாது. வீடுகள் கூரையின்றிச் சுவர்களாக மட்டுமே நிற்கின்றன. தேவாலயமும் பள்ளிக்கூடமும் காட்சியகங்களாகப் பேணப்படுகின்றன. பள்ளியில் பிள்ளைகளின் பெயர் எழுதிய மேலங்கி மாட்டிகள் வரிசையாக அமைந்துள்ளன. பல பத்தாண்டுகளாக நவீன வேளாண்மை நடைபெறாததால், சுற்றியுள்ள நிலம் காட்டுயிர்களின் உறைவிடமாக மாறியுள்ளது.

வாகனம் நிறுத்துமிடம், கழிப்பறை ஆகியவை பார்வையாளர்களுக்கு உள்ளன. கடையோ உணவகமோ இல்லை. ஊரின் அஞ்சலகம், பள்ளி, குழாய் ஆகியவற்றைக் காண ஆண்டுதோறும் பலர் வருகின்றனர். அவற்றைப் பயன்படுத்துவதற்கு அங்கே ஊர் மக்கள் எவரும் இல்லை.