பெற்றவர்கள் கூடித் திறந்த கதவுகள்



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும்னு செயலாளர் அக்கா கேட்டாங்க. நாம எத்தனை லட்சம் கடன் கொடுத்தோம், எத்தனை பேரு கறவை மாடு வாங்கினாங்க என்பதையெல்லாம் மற்றவங்க எழுதுவாங்க. நான் எங்க குழுவோட பழைய தீர்மான நோட்டில் இருக்கிற மூணு வரியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

"கூட்டத்துக்கு வராததால் அபராதம் ரூ.5." மூணு வாரமும் ஒரே உறுப்பினர் பேரு. எழுதினது நான்தான், அப்போ நான் ஊக்குனர். அந்தத் தங்கச்சிக்கு ஏழு வயசுப் பையன். மூளை முடக்குவாதம். தானா உட்காரவும் முடியாது, சோறும் ஊட்டித்தான் விடணும். வீட்டுக்காரர் தறிக்குப் போனா ராத்திரிதான் வருவார். பையனை யாருகிட்ட விட்டுட்டு அவ வருவா? நாங்க ஒருத்தரும் கேட்கலை. நாலாவது வாரம் சேமிப்பைத் திருப்பி வாங்கிக்கிட்டுக் குழுவை விட்டுப் போயிட்டா.

இப்படி அம்மாக்கள் தனியாக நின்ற காலம் உலகம் முழுக்க இருந்திருக்கிறது. நம்ம ஊர்ல "சாமி குத்தம்", "கிரகணத்தன்னைக்கு வெளிய வந்திருப்பா" என்று பெத்தவளைத்தான் சொல்வாங்க. படிச்ச நாட்டிலும் இதே கதைதான். 1950, 60களில் அமெரிக்காவில், அம்மா பாசமில்லாமல் வளர்த்ததால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வந்தது என்று பெரிய பெரிய நிபுணர்களே சொன்னார்கள். அது தப்பு, மூளை வளர்ச்சியோடு சம்பந்தப்பட்டது என்று 1964-இல் புத்தகம் எழுதி எடுத்துக் காட்டியவர் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர். ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு அவர் அப்பாவும்கூட.

இங்கிலாந்தில் 1946-இல் ஜூடி ஃபிரைட் என்ற அம்மா, தாய்மார்கள் படிக்கிற ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவருடைய மகளுக்கு அறிவுசார் குறைபாடு. என்னைப் போல வேறு அம்மாக்கள் இருந்தால் எழுதுங்கள் என்பதுதான் விஷயம். பதில்கள் வந்தன, சங்கம் உருவானது. இன்றைக்கு மென்கேப் என்ற பெயரில் அந்த நாட்டின் பெரிய அமைப்புகளில் ஒன்றாக அது இருக்கிறது.

நம்ம நாட்டுக்கு வருவோம். மும்பையில் வக்கீல் என்ற குடும்பப் பெயர் கொண்ட பார்சி தம்பதிக்கு டவுன் சிண்ட்ரோம் உள்ள மகள். அவளைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடம் இல்லை. 1944-இல் அவர்களே ஒன்றை ஆரம்பித்தார்கள். அதுதான் இப்போதைய ஜெய் வக்கீல் பள்ளி. அதே மும்பையில் 1972-இல், மூளை முடக்குவாதம் உள்ள மகளுக்காக மிது அலூர் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். அந்த மகள் மாலினி சிப் வளர்ந்து, ஒற்றை விரலால் தட்டச்சு செய்து, தன் வாழ்க்கையைப் புத்தகமாகவே எழுதிவிட்டார்.

சென்னையில் பூனம் நடராஜன். அவருடைய மகனுக்கும் மூளை முடக்குவாதம். 1985-இல் ஒரு கார் ஷெட்டில் மூன்றே குழந்தைகளோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய வித்யா சாகர்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படை அதிகாரி தேர்வின்போது அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. தசைச் சிதைவு நோய் உள்ள ஆடிட்டர் எஸ்.சங்கர ராமன் பின்னால் வந்து கைகோத்தார். அவர்களுடைய களப் பணியாளர்கள் கிராமத்துக்கு வீடு தேடிப் போகிறார்கள். பயிற்சியைப் பிள்ளைக்குக் கொடுப்பதோடு நிறுத்தாமல் அம்மாவுக்கும் சொல்லித் தருகிறார்கள். வாரம் ஒரு நாள் வருகிறவர் கொடுக்கும் பயிற்சியை மீதி ஆறு நாளும் அம்மாதானே செய்யணும்!

நம்ம கோவையில் அவினாசிலிங்கம் ஐயா 1930-இல் ஆரம்பித்த பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர்களுக்கான படிப்பு நடக்கிறது.

பெற்றவர்கள் ஊர் ஊராகச் சங்கம் சேர்ந்த பிறகு சட்டமும் வந்தது. 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, ஆட்டிசம் கிடையாது. 2016 சட்டத்தில் 21 வகை ஆனது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி இப்போது உரிமை. அருகில் உள்ள பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, விருப்பப்படி சேர்க்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தை நம்மில் பல பேருக்குத் தெரியாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது. 18 வயது முடிந்ததும் பிள்ளை சட்டப்படி பெரிய ஆளாகிவிடும். அப்புறம் அவனுக்காகப் பாங்கிலோ பத்திரத்திலோ நாம் கையெழுத்துப் போடச் சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று வேணும். அதைக் கொடுப்பது கலெக்டர் தலைமையில் உள்ள உள்ளூர் அளவிலான குழு. இந்த அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், சிகிச்சைப் பயிற்சிகளும் அதில் சேரும். கார் ஷெட்டில் ஆரம்பித்த பூனம் நடராஜன் பின்னாளில் இந்த அறக்கட்டளைக்கே தலைவராக இருந்தார்.

இதே காலத்தில் வளர்ந்ததுதான் நம்ம குழுக்களும். 1989-இல் தர்மபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதி உதவியோடு தொடங்கிய பெண்கள் மேம்பாட்டுத் திட்டம் பிறகு மகளிர் திட்டமாக எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. 2005-இல் வந்த புது வாழ்வுத் திட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கும் இடம் வைத்தது. சாதாரணக் குழுவுக்குப் பத்துப் பேருக்குக் குறையாமல் வேணும். மாற்றுத்திறனாளிகளின் சிறப்புக் குழுவுக்கு அஞ்சு பேர் போதும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் பெற்றோரும் அதில் உறுப்பினராகலாம். வழி காகிதத்தில் இருந்தது, நாங்கதான் படிக்கலை.

போன வருஷம் ஒரு அடையாள அட்டை முகாமில் அந்தத் தங்கச்சியைப் பார்த்தேன். பையனுக்கு மீசை அரும்பிவிட்டது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருந்த வேறொரு அம்மா சொல்லித்தான் அரசாங்கத்தின் பராமரிப்பு உதவித்தொகை பற்றியே அவளுக்குத் தெரிந்ததாம். இப்போது மாசம் 2,000 ரூபாய் வருகிறது. அதுவரைக்கும் எத்தனை வருஷம் வாங்காமலே போச்சுன்னு கணக்குப் போட எனக்கு மனசு வரலை. எங்க குழுவில் இருந்திருந்தா அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். திட்டம் எல்லாம் நம்ம கூட்டத்துலதானே வாசிக்கிறாங்க.

"நான் வராதப்ப ஒருத்தராவது என் வாசலுக்கு வருவீங்கன்னு நெனச்சேனுங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். கோபமாகச் சொல்லலை. அப்புறம், "எனக்குப் பின்னாடி இவனை யாருங்கக்கா பாப்பாங்க?" என்றாள். பாதுகாவலர் சான்று பற்றித் தெரிஞ்சதைச் சொன்னேன். அந்தக் கேள்வி முழுசுக்கும் என்கிட்ட பதில் இல்லைங்க.

ஊருக்கு வந்து விசாரிச்சோம். எங்க ஊராட்சியிலேயே அவளைப் போல இன்னும் நாலு வீடு இருந்தது. பக்கத்துத் தெருவில் இருந்தும் தெரியலை! அஞ்சு பேரும் சிறப்புக் குழுவாகச் சேர்ந்திருக்காங்க. கூட்டம் அவ வீட்டு வாசலில் நடக்குது. ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போனா இன்னொருத்தர் அவங்க பிள்ளையைப் பார்த்துக்கிறாங்க. வாங்கிய முதல் உள்கடன் சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி வாசற்படியைச் சரிவாகக் கட்ட.

இந்த மலரைப் படிக்கிற ஒவ்வொரு குழுவுக்கும் மூணு வேண்டுகோள். உங்க ஊரில் இப்படிப் பிள்ளை இருக்கிற வீடு எத்தனை என்று இந்த மாசமே போய்ப் பாருங்க. அடையாள அட்டை, உதவித்தொகை, நிராமயா, பதினெட்டு வயசுக்கு அப்புறம் பாதுகாவலர் சான்று, இந்த நாலும் இருக்கான்னு கேளுங்க. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருக்காங்க, அவங்களை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க.

எங்க நோட்டில் புதுசா ஒரு தீர்மானம் எழுதியிருக்கோம். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் கூட்டத்துக்கு வராதவங்களுக்கு அபராதம் கிடையாது. அன்னைக்குச் சாயங்காலமே ரெண்டு உறுப்பினர் அவங்க வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வரணும். பழைய பதினஞ்சு ரூபாயை அந்தத் தங்கச்சிகிட்டத் திருப்பிக் கொடுத்தேன். அதை அவ புதுக் குழுவோட சேமிப்பில் போட்டுட்டா.