நிலத்தடி எண்ணெயும் குத்தகை உரிமையும்: ஓசேஜ் மக்கள் வரலாறு

நிலமுடையான் ஒருவன் அந்நிலத்தை எவ்வளவு ஆழத்திற்கு உடையான் என்பது பழமையானதொரு வினா. தமிழகத்துச் சோழர்காலக் கல்வெட்டுகள் நிலக்கொடையைக் கூறுமிடத்து, மேல்நோக்கி வளரும் மரத்தையும் கீழ்நோக்கிச் செல்லும் கிணற்றையும் சேர்த்தே எண்ணும். விசயநகர வேந்தர் காலத்துச் சாசனங்கள் நிதி, நிட்சேபம், சலம், பாடாணம் முதலாக எட்டுவகை நுகர்வுரிமைகளை ‘அட்டபோகம்’ எனத் தொகுத்துரைக்கும். புதையலும் நீரும் கல்லும் மட்டுமன்றி, இனி வரக்கூடிய ஆக்கமும் ‘ஆகாமி’ என அவற்றுள் அடங்கும். மண்ணுள் இருப்பதைச் சொல்லால் வரையறுத்தாலன்றி உரிமை நிலைபெறாது என்பதை அச்சாசனங்களை வரைந்தோர் நன்குணர்ந்திருந்தனர் எனலாம்.

இதே வினா பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிலத்தடி எண்ணெயை முன்னிட்டு எழுந்தது. ஆங்கு நிலமுடையார் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு அடிநில உரிமையைக் குத்தகைக்கு விட்ட வரலாறு பரந்துபட்டது. அதனுள் ஒக்லகோமாப் பகுதியில் வாழும் ஓசேஜ் என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களின் வரலாற்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். உரிமை உடையராதல் வேறு, அவ்வுரிமையைத் தாமே ஆளுதல் வேறு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் வரலாறு பிறிதொன்றை யாம் அறியோம்.

அமெரிக்கக் குத்தகை முறை

உலக நாடுகள் பலவற்றில் நிலத்தடிக் கனிவளம் அரசுக்கே உரியது. அமெரிக்க நாட்டிலோ தனியார் நிலத்தின் அடியில் உள்ளது பொதுவாக அந்நிலமுடையார்க்கே உரியது. அன்றியும், மேற்பரப்பை ஒருவரும் அடிநில வளத்தைப் பிறிதொருவருமாகப் பிரித்து உடைமை கொள்ளுதலும் ஆங்குச் செல்லும். 1859ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் பென்சில்வேனியாவின் தைத்தசுவில் என்னும் ஊரருகே எட்வின் திரேக்கு என்பார் ஏறத்தாழ 70 அடி ஆழத்தில் எண்ணெய் கண்டபின், இவ்வுரிமை பெருமதிப்பு எய்தியது.

கம்பெனியார் நிலத்தை விலைக்கு வாங்குவதில்லை. துளையிட்டு எடுக்கும் உரிமையையே குத்தகையாகப் பெறுவர். அதற்கு நிலமுடையார் பெறுவன இரண்டு. ஒப்பந்தம் எழுதும்போது கொடுக்கப்படும் முன்பணம் ஒன்று. இதனைப் ‘போனஸ்’ என்பர். எடுக்கும் எண்ணெயில் ஒரு பங்கு மற்றொன்று. இது ‘ராயல்டி’ எனப்படும். எட்டில் ஒரு பங்கு என்பது நெடுங்காலம் வழக்கிலிருந்த அளவு. குறித்த ஆண்டுகளுக்குள் எண்ணெய் வாராதாயின் குத்தகை முடியும். வருமாயின் அது வரும் காலமெல்லாம் நீடிக்கும். ஆதலின் இன்று எழுதும் ஒரு கையெழுத்து பேரன் காலம் வரையும் கட்டுப்படுத்தக் கூடும்.

சொற்பொருள் பற்றிய வழக்குகளும் எழுந்தன. பத்திரத்தில் ‘கனிமம்’ என்று மட்டும் எழுதி ஒதுக்கிக்கொண்டால் எண்ணெயும் அதனுள் அடங்குமா என்னும் வழக்கில், அடங்காது எனப் பென்சில்வேனிய உயர்நீதிமன்றம் 1882இல் தீர்ப்பளித்தது. அம்மாநிலத்தில் 2013ஆம் ஆண்டிலும் அக்கொள்கையே நிலைநாட்டப்பெற்றது. 1889இல் எழுந்த மற்றொரு வழக்கில், எண்ணெயும் எரிவளியும் காட்டு விலங்குகளுக்கு ஒப்பிடப்பட்டன. அவை ஒரு நிலத்தினின்று மற்றொரு நிலத்திற்கு ஓடுமியல்பின. ஓடியபின் முன்னையோர்க்கு உரிமையில்லை என்பது கருத்து. இதன் விளைவு யாதெனில், அண்டை நிலத்தார் துளையிட்டால் தம் நிலத்து எண்ணெயும் அவர் கிணற்றின் வழியே போய்விடும் என்னும் அச்சம் ஒவ்வொரு சிறு நிலமுடையாரையும் பற்றியது. அச்சத்தால் விரைந்து கையெழுத்திட்டோர் நல்ல விலை பெறுதல் அரிதன்றோ? கூறுபட்ட உடைமையின் குறை இதுவாகும்.

ஓசேஜ் மக்களின் ஒதுக்கீடு

ஓசேஜ் மக்கள் முன்னர்க் கான்சசுப் பகுதியில் வாழ்ந்தனர். வெள்ளையர் குடியேற்றம் மிகவே, 1870இல் இயற்றிய சட்டத்தின்படி அந்நிலம் விற்கப்பட்டது. அவ்விலைப் பொருளைக்கொண்டு, இன்று ஒக்லகோமா எனப்படும் பகுதியில், செரோக்கி மக்களிடமிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் ஏக்கர் நிலத்தை அவர்கள் வாங்கினர். அரசு அளித்த இடமன்று. விலை கொடுத்துக் கொண்ட நிலம் என்பது பின்னை வரலாற்றுக்கு அடிப்படையாதலின் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். பாறையும் குன்றும் மிக்க அந்நிலத்தை வெள்ளையர் விரும்பார் என்பதும் அவர்தம் எண்ணமாயிருந்தது.

பழங்குடியினரின் பொதுநிலங்களைத் தனியார்க்குக் கூறிட்டுக் கொடுக்கும் சட்டம் 1887இல் வந்தபோது, விலை கொடுத்த உரிமையின் வலிமையால் ஓசேஜ் நிலம் அதினின்று விலக்குப் பெற்றது. ஆயின் அவ்விலக்கு நெடுநாள் நிற்கவில்லை. 1906ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் நிலத்தையும் கூறிட்டது. ஜேம்ஸ் பிக்ஹார்ட், ஜான் பாமர் முதலிய ஓசேஜ் தலைவர்கள் அரசுடன் வாதிட்டு, அச்சட்டத்தில் ஓர் ஒழுங்கைச் சேர்ப்பித்தனர். மேற்பரப்பு மட்டும் உறுப்பினர்களுக்குக் கூறிடப்படும். எண்ணெய், எரிவளி, நிலக்கரி முதலிய அடிநில வளம் யாவும் 25 ஆண்டுகளுக்குக் கூறிடப்படாது குலம் முழுவதற்கும் பொதுவாய் நிற்கும் என்பதே அது. அமெரிக்க அரசு அதனை நம்பிக்கைப் பொறுப்பாகக் காத்தல் வேண்டும்.

பதிவேட்டில் இடம்பெற்றோர் 2,229 பேர். அடிநில வருவாயில் ஒவ்வொருவர்க்கும் சமபங்கு. இப்பங்கினைத் ‘தலையுரிமை’ எனலாம். பதிவேடு மூடப்பட்டபின் பிறந்தோர்க்குத் தனிப்பங்கு இல்லை. முன்னோர் இறந்தபின் மரபுரிமையாகவே அது வரும். இப்பங்கை விற்றலும் வாங்கலும் கூடா. இதுவே அவர்களுக்கு அரணாயிற்று. இதுவே பின்னர் ஆபத்திற்கு வாயிலுமாயிற்று.

முதற்குத்தகையும் ஏலமும்

முதற்குத்தகை ஓசேஜ் மக்களுக்குச் சிறப்பாக அமையவில்லை. 1896இல் எட்வின் பாசுட்டர் என்பார்க்கு, ஒதுக்கீட்டு நிலம் முழுவதும் ஒரே பத்திரத்தால் 10 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. ராயல்டி பத்தில் ஒரு பங்கே. எண்ணெய் உண்டு என்பது உறுதிப்படாத காலத்தில் இதனைக் குறைவென்று அவர்கள் அறிதற்கில்லை. 1905இல் அமெரிக்கப் பேரவை அக்குத்தகையை 6,80,000 ஏக்கருக்குச் சுருக்கி, மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டியது. பங்கும் எட்டில் ஒன்றாக உயர்ந்தது. 1916இல் அதுவும் முடிந்தது.

அதன்பின் நிலைமை மாறியது. எஞ்சிய நிலத்தில் 1912 முதலே குத்தகைகள் பகிரங்க ஏலத்தில் விடப்பட்டு வந்தன. பாஹஸ்கா என்னும் ஊரில் எல்ம் மரம் ஒன்றின் நிழலில் கம்பெனித் தலைவர்கள் கூடுவர். வால்ட்டர்சு என்னும் ஏலங்கூறுவோர் 160 ஏக்கர்ப் பகுதிகளாக விலை கூறுவார். பிராங்கு பிலிப்ஸ், மார்லாண்டு, சுகெல்லி முதலாகப் பின்னர்ப் பெரும்புகழ் எய்திய எண்ணெய் முதலாளிகள் ஆங்கு அமர்ந்து போட்டியிட்டனர். 1920இல் பர்பாங்கு வயல் கண்டறியப்பட்டபின் போட்டி மிகுந்தது. 1924இல் ஒரே ஒரு 160 ஏக்கர்ப் பகுதிக்கு முன்பணமாக மட்டும் ஏறத்தாழ 20 இலட்சம் டாலர் கேட்கப்பட்டது. அம்மரம் ‘பத்து இலட்ச டாலர் எல்ம்’ எனப் பெயர் பெற்றதில் வியப்பில்லை. முன்பணத்தின் மேலும் ராயல்டி ஆறில் ஒரு பங்காகவும், மிகுதியாகச் சுரக்கும் பகுதிகளில் ஐந்தில் ஒரு பங்காகவும் உயர்ந்தது. 1923ஆம் ஆண்டில் மட்டும் அம்மக்கள் பெற்ற வருவாய் 3 கோடி டாலருக்கு மேல்.

பென்சில்வேனிய நிலமுடையாரையும் இவர்களையும் ஒப்பிட்டுக் காண்பாம். ஆங்கு ஒவ்வொருவரும் தனித்தனியே நின்று, அண்டை வீட்டாரை அஞ்சிக் கையெழுத்திட்டனர். ஈங்கு உடைமை ஒன்றாக நின்றமையால், விற்போர் ஒருவராகவும் வாங்குவோர் பலராகவும் ஆயினர். எண்ணெய் எந்தக் கிணற்றின் வழியே வரினும் பங்கு எல்லார்க்கும் வந்தது. கூறிடாத உடைமையின் வலிமை இதுவே.

காப்பாளர் என்னும் கேடு

இத்துணை வருவாயும் அவர்கள் கையில் தடையின்றிச் சேரவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டம், தகுதிச் சான்று பெறாத ஓசேஜ் மக்கள் மூன்று மாதத்திற்கு 1,000 டாலருக்கு மேல் பெறலாகாது என வரையறுத்தது. பழங்குடிக் குருதி மிக்கோர் தம் பொருளைத் தாமே ஆளத் தகுதியற்றோர் எனக் கருதப்பட்டு, வட்டார நீதிமன்றங்களால் அவர்களுக்குக் காப்பாளர் அமர்த்தப்பட்டனர். காப்பாளராக வந்தோர் பெரும்பாலும் உள்ளூர் வெள்ளையரான வணிகரும் வழக்கறிஞரும் ஆவர். தம் பணத்தில் ஒரு வண்டி வாங்கவும் தாய் ஒருத்தி காப்பாளரின் ஒப்புதல் பெறல் வேண்டியதாயிற்று. குத்தகையில் ஏமாற்ற இயலாதோர் காப்பில் ஏமாற்றினர்.

இதனினும் கொடியது பின்னர் நிகழ்ந்தது. தலையுரிமையை விலைக்குக் கொள்ளல் இயலாது; மரபுரிமையாகவே பெறல் இயலும். ஆதலின் ஓசேஜ் பெண்டிரை மணந்தோர் சிலர்க்கும் அவர்தம் சுற்றத்தார்க்கும் இறப்பே வருவாயாயிற்று. 1921 முதல் சில ஆண்டுகளில் ஓசேஜ் மக்கள் பலர் சுட்டும் நஞ்சூட்டியும் கொல்லப்பட்டனர். மால்லி பர்க்கார்ட்டு என்னும் அம்மையாரின் தமக்கை அன்னா பிரவுன் 1921இல் சுடப்பட்டு இறந்தார். மற்றொரு சகோதரியின் வீடு 1923இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அமெரிக்க நடுவணரசின் துப்பறிவோர் ஆராய்ந்து, மால்லியின் கணவரையும், அவர்தம் மாமனும் உள்ளூர்ப் பெருஞ்செல்வருமாகிய வில்லியம் ஹேலையும் குற்றவாளிகள் எனக் கண்டனர். கணவர் 1926இல் குற்றத்தை ஒப்பினார்; ஹேல் 1929இல் வாழ்நாட் சிறை பெற்றார். பாதி அல்லது அதற்கு மேற்பட்ட ஓசேஜ் குருதி உடையோரின் தலையுரிமை ஓசேஜ் அல்லாதார்க்கு மரபுரிமையாகச் செல்லாது என 1925ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அத்தடை வருவதற்கு எத்தனை உயிர்கள் வேண்டியிருந்தன என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் நடுங்கும்.

பின்னை வரலாறு

1906இல் 25 ஆண்டுகளுக்கென வகுத்த பொதுவுடைமை பலமுறை நீட்டிக்கப்பட்டு, 1978இல் என்றென்றைக்கும் உரியதாக்கப்பட்டது. இதற்கிடையில் மேற்பரப்பு நிலம் பெரும்பகுதியும் பிறர் கைக்குச் சென்றுவிட்டது. கூறிட்ட மேல்நிலம் போயிற்று. கூறிடாத அடிநிலம் நின்றது. இவ்வேறுபாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. நம்பிக்கைப் பொறுப்பை அரசு செவ்வனே ஆற்றவில்லை என்று ஓசேஜ் மக்கள் தொடுத்த வழக்கில், 2011இல் 38 கோடி டாலர் ஈடாகக் கொடுக்க அரசு உடன்பட்டது. காற்றாலைகளுக்கு அடித்தளம் இட, கம்பெனி ஒன்று பாறையைத் தோண்டிப் பொடித்துப் பயன்படுத்தியதும் கனிமம் எடுத்தலே, அதற்கும் ஓசேஜ் மக்களின் குத்தகை வேண்டும் என 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘பாடாணம்’ என்று நம் சாசனங்கள் தனித்து எண்ணிய கல், ஈங்கு மீண்டும் உரிமைப் பொருளாதல் காண்க.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் போதருவது யாது? குத்தகைப் பத்திரத்தில் விலை மட்டும் நிலமுடையாரைக் காப்பதில்லை. சொல் தெளிவாக இருத்தல் வேண்டும்; உடைமை சிதறாதிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஓசேஜ் மக்களுக்கு வாய்த்தன. அதனால் பெரும்பொருள் வந்தது. ஆயினும் வந்த பொருளை ஆளும் தகுதி அவர்களுக்கு உண்டென்று சட்டம் ஒப்பவில்லை. அவ்வொரு குறையினால் பொருளே பகையாயிற்று. அட்டபோகம் எட்டும் எழுதிக் கொடுத்தாலும், நுகர்வோன் தானே நுகர இயலாதாயின் அது கொடையாகாது. நிலத்தடி வளம் பற்றிய ஒப்பந்தம் எந்நாட்டில் எழுதப்படினும், ‘யார்க்கு உரியது’ என்னும் வினாவுடன் ‘யார் ஆள்வது’ என்னும் வினாவையும் சேர்த்தே கேட்டல் வேண்டும் என்பது எம் துணிபு.